லெக்லின்பிரிட்ஜ்: கோட்டைக்குப் பத்து நிமிடம், ஆற்றுக்கு ஒரு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டை பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் அயர்லாந்தில் இருக்கும் லெக்லின்பிரிட்ஜுக்குப் போய் ஏமாறாதீர்கள். காரில் கொஞ்ச நேரம் போனால் கில்கெனி வந்துவிடும், அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றலாம், பழைய ஓவியம், பெரிய பெரிய நாற்காலி எல்லாம் உண்டு. இங்கே இருப்பது ஆற்றங்கரையில் பாலத்தை ஒட்டி நிற்கும் ஒரு இடிந்த கோபுரம், கூடவே கொஞ்சம் மதில். பிளாக் காஸில் என்று பெயர். பத்து நிமிடம் போதும், போட்டோ எடுக்கிறவராக இருந்தால் பதினைந்து. அந்த ஊரில்தான் நானும் அப்பாவும் ஒரு இரவு தங்கி, மறுநாளும் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். ஏன் என்று எழுதுகிறேன், குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊர் கார்லோ கவுண்டியில் இருக்கிறது. நடுவில் பாரோ ஆறு, இந்தக் கரையில் பாதி ஊர், அந்தக் கரையில் மீதி. ஷானனுக்கு அடுத்து அயர்லாந்தின் நீளமான ஆறு இதுதான், 192 கிலோமீட்டர். ஆனால் நேரில் பார்த்தால் அவ்வளவு பெரிய ஆள் என்று தோன்றாது, சத்தம் போடாமல் போய்க்கொண்டிருக்கும், அணைக்கட்டு வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பேசும். டப்ளினிலிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் பெரிய சாலை ஒரு காலத்தில் இந்தப் பக்கமாகத்தான் போனது, இப்போது மோட்டார்வே ஊரைத் தொடாமல் வெளியே போய்விட்டதால் லாரிச் சத்தம் கிடையாது. சுற்றுலாப் பஸ்ஸும் கிடையாது. அமைதியான ஊர் என்று விளம்பரத்தில் போடுகிற ஊர்களுக்கெல்லாம் போய்ப் பார்த்து நொந்தவன் நான், இது நிஜமாகவே அமைதி.

டப்ளினிலிருந்து காரில் வந்தால் எம்9 மோட்டார்வே பிடித்து ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் காரில் வராதீர்கள் என்பேன். வந்தால் பாலத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கோபுரத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். ரயிலில் வந்து நடந்து வாருங்கள். டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷனில் வாட்டர்ஃபோர்டு ரயில் ஏறி, கார்லோவுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அந்த ஸ்டேஷன் பெயரில்தான் ஒரு சிக்கல். ஊர்க்காரர்கள் வாயில் அது பேகனல்ஸ்டவுன். ரயில்வே அட்டவணையில் மின்ய வெக் என்று ஐரிஷ் பெயர், சின்னப் புதர்க்காடு என்று பொருளாம். உச்சரிப்பு எனக்கே சரியாக வராது. ரயில் நின்றதும் அப்பா போர்டைப் பார்த்துவிட்டு சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். "நீ சொன்ன பேரு இது இல்லையேடா, இன்னொரு தடவை கேளு" என்கிறார், நான் அவர் பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு கதவருகே நின்று கெஞ்சுகிறேன். டிக்கெட் பதிவு செய்யும்போதே இந்த இரண்டு பெயரும் ஒரே ஊர்தான் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஆற்றுக்கு வந்து, ஆறு இடது கைப்பக்கம் இருக்கும்படி வடக்கே நடந்தால் நாலு கிலோமீட்டர் சொச்சத்தில் லெக்லின்பிரிட்ஜ். இது பாரோ வே என்ற நீண்ட நடைபாதையின் ஒரு துண்டு, முழுசாக நடந்தால் கில்டேர் கவுண்டியிலிருந்து செயின்ட் மல்லின்ஸ் வரை 114 கிலோமீட்டர். பழைய நாளில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துக்கொண்டு போன கரைப்பாதை அது. மேடு பள்ளம் இல்லை, குதிரை நடந்த பாதை என்பதால் சமதரை, மூட்டுவலிக்காரரான அப்பாவே ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. தரை முழுக்கப் புல். சில வருடங்களுக்கு முன்பு இந்தப் புல்லை எடுத்துவிட்டுக் கல்தூள் போட்டு இறுக்கி சைக்கிள் பாதையாக்க ஒரு திட்டம் வந்தது, மக்கள் எதிர்த்தார்கள், கார்லோ பக்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. நல்லவேளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் ஒன்று, காலையில் பனி இறங்கிய புல்லில் சாதாரண ஷூவோடு நடந்தால் அரை மணி நேரத்தில் சாக்ஸ் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். நான் நனைந்தேன். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சுகமாக வந்தார்.

வழியில் ரத்தெல்லின் லாக் வரும். அங்கே சும்மா தாண்டிப் போகாமல் கொஞ்சம் நில்லுங்கள், படகு ஏதாவது வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எங்களுக்கு வந்தது. வயதான தம்பதி, சின்னப் படகு, நாங்கள் போகிற திசையிலேயே ஆற்றை எதிர்த்து மேலே போகிறார்கள். இந்த ஆற்றில் அதாய் (Athy) என்ற ஊரிலிருந்து செயின்ட் மல்லின்ஸ் வரை இப்படி 23 லாக் இருக்கின்றன, அங்கங்கே குறுக்கே கல் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியிருப்பதால் படகு ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். கல் தொட்டி மாதிரி ஒரு அறை, கீழே ஒரு ஜோடிக் கதவு, மேலே ஒரு ஜோடிக் கதவு. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தினார்கள். மேல்கதவில் உள்ள சின்ன மதகை அந்த மனிதர் இரும்புச் சாவி போன்ற கைப்பிடியால் சுற்றித் தூக்கினார், கர்ரென்று தண்ணீர் உள்ளே பாய்ந்தது, படகு லிஃப்ட் மாதிரி மெதுவாக எழுந்து வந்தது. கதவுகள் இரண்டும் நேர்கோட்டில் மூடுவதில்லை, நீர் வரும் திசையைப் பார்த்து ஆங்கில வி எழுத்துப் போலக் கூராக முட்டிக்கொண்டு நிற்கின்றன, அதனால் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். அப்பா முப்பது வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். இதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? "ரெண்டு பக்கமும் மட்டம் ஒண்ணாகிற வரைக்கும் யானை தள்ளினாலும் திறக்காது, ஒண்ணாயிட்டா குழந்தை தள்ளலாம்" என்று தமிழிலேயே அந்தப் படகுக்காரரிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார், அவரும் என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே கதவில் நீட்டிக்கொண்டிருந்த நீளமான மரத்தூலத்தைக் காட்டி, தள்ளுங்கள் என்று சைகை செய்தார். அப்பா முதுகைக் கொடுத்துத் தள்ளினார். திறந்தது. மோஹர் பாறைகளுக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவில்கூட அப்பா முகத்தில் அப்படிச் சிரிப்பு இல்லை.

செப்டம்பர் கடைசி என்பதால் வேலி முழுக்க பிளாக்பெர்ரி காய்த்துத் தொங்கியது. யாரும் விரட்டவில்லை, எல்லாரும் பறிக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் டப்பாவில் வருகிற பெருத்த பழம் இல்லை, சின்னது, ஒன்று புளிக்கும், அடுத்தது தேன், எது எப்படி என்று வாயில் போட்டால்தான் தெரியும். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், ஹாலோவீனுக்கு முன்னால் பறித்துவிடுங்கள், அப்புறம் பூக்கா வந்து எச்சில் துப்பிவிடும் என்றார். பூக்கா என்றால் உருவம் மாறும் ஒரு குறும்புக்காரப் பிசாசு. அக்டோபர் முடிந்தால் பழத்தில் பூஞ்சை பிடிக்கும், அதைச் சாப்பிடாமல் தடுக்கப் பிசாசைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி அடிக்கும் என்பார்களே, அதே வேலைதான். அப்பா பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு பாட்டிலில் பழம் நிரப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போவதற்குள் அது என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன், பைக்கு வெளியே வந்த கறையை மட்டும் இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாலு கிலோமீட்டருக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. ஆற்றோரமாக வருகிறபோது கோபுரமும் பாலமும் மரங்களுக்கு நடுவே மெல்லத் தெரியவரும், நடந்து வந்தால்தான் இந்தக் காட்சி கிடைக்கும், காரில் வந்தால் பக்கவாட்டில் எங்கேயோ ஒரு சுவர். பாலம் சாம்பல் கல் வளைவுகள் கொண்டது, குறுகல். 1320இல் கில்டேர் தேவாலயத்தைச் சேர்ந்த மோரிஸ் ஜாக்கிஸ் என்ற பாதிரியார் கட்டுவித்த பாலம், அதற்கப்புறம் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் அதன்மேல் கார் போகிறது. ஊர்ப்பெயரே அதனால் வந்ததுதான், ஐரிஷ் பெயரில் கடைசியில் வரும் த்ரோஹித் என்பதற்குப் பாலம் என்றே பொருள். கல் இடுக்குகளில் வலேரியன் என்ற சிவப்புப் பூச்செடி தானாக முளைத்துக் கிடக்கிறது, அதை வைத்து வலேரியன் பாலம் என்றும் சொல்கிறார்கள். கோடையில் வந்தால் பாலமே சிவந்திருக்குமாம், எங்களுக்கு அங்கொன்று இங்கொன்றாகச் சில பூ.

இனி கோட்டை. 1181இல் நார்மன் தலைவன் ஹியூ டி லேசி ஆற்றைக் கடக்கும் இடத்தைக் காவல் காக்க இங்கே முதல் கோட்டையைக் கட்டினான். அப்போது ஆறுதான் நெடுஞ்சாலை, கடவு யார் கையிலோ நாடு அவர் கையில். பக்கத்தில் கார்மலைட் துறவிகள் ஒரு மடம் கட்டினார்கள், அயர்லாந்தில் அவர்களுடைய முதல் மடமே இதுதான் என்று சொல்வதுண்டு. எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்களையெல்லாம் மூடினார்கள், அதன் பிறகு 1540களின் கடைசியில் எட்வர்ட் பெல்லிங்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த இடத்தைத் திரும்பவும் பலப்படுத்தினார். 1577இல் ஐரிஷ் கிளர்ச்சித் தலைவர் ரோரி ஓக் ஓ'மோர் ஊரைத் தீ வைத்துக் கொளுத்தினார், 1650இல் ஆங்கிலத் தளபதி க்ராம்வெல் தரப்புப் படை வந்து பிடித்தது. அவ்வளவு பேர் அடித்துக்கொண்ட கோட்டையில் இன்று காகம் மட்டும் குடியிருக்கிறது. ஒரு பக்கம் சரிந்து உள்ளே பார்க்க முடிகிறது, மாடி இருந்த இடம், வளைவாகக் கட்டிய கூரையின் மிச்சம், கொடி படர்ந்த கல். நாங்கள் போனபோது உள்ளே ஏற வழி இல்லை, வெளியிலிருந்துதான் பார்த்தோம். டிக்கெட் இல்லை, கடை இல்லை, காந்த ஸ்டிக்கர் விற்கிறவர் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மாமியார் வந்திருந்தால் இதுக்கா இவ்வளவு தூரம் என்று கேட்டிருப்பார், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாலையில் ஒன்று நடந்தது, அதற்காகவே இந்த ஊருக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்பேன். அக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், புகைபோக்கியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்து காற்றில் சாய்ந்து கோபுரத்துக்கு முன்னால் நகர்ந்தது. அப்பா என் முழங்காலில் தட்டினார். "புகையோட கலரைப் பாரு." பார்த்தேன். கறுத்த கல்லுக்கு முன்னால் போகும்போது புகை நீலமாக இருந்தது, நல்ல வெளிர் நீலம். அதே புகை கோபுரத்தின் உச்சியைத் தாண்டி வானத்துக்கு முன்னால் போனதும் பழுப்பாகிவிட்டது. ஒரே புகை, நடுவில் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம். "இந்த ஊர்ல பொறந்தவர்தாண்டா இதைச் சொல்லிக் கொடுத்தாரு" என்றார் அப்பா.

ஜான் டிண்டல். 1820இல் லெக்லின்பிரிட்ஜில் பிறந்தவர். அவருடைய அப்பா போலீஸ்காரர், வசதியில்லாத குடும்பம். பையன் படித்து முடித்ததும் நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் இங்கிலாந்து, ஜெர்மனி என்று போய், கடைசியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடேயோடு வேலை பார்க்கும் பேராசிரியரானார். நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று 1859இல் ஆரம்பித்து ஒரு நீளக் குழாயில் வாயுக்களை அடைத்து அளந்து காட்டியவர் அவர், இன்று பூமி சூடாகிறது என்று பேசுகிற பேச்சுக்கெல்லாம் அந்தக் குழாய் ஒரு தொடக்கம். மிக நுண்ணிய துகள்கள் வெள்ளை ஒளியில் நீலத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும் என்பதையும் சோதனையில் காட்டினார். இருட்டான கல்லுக்கு முன்னால் புகை சிதறடித்த நீலம் நம் கண்ணுக்கு வருகிறது, வெளிச்சமான வானத்துக்கு முன்னால் நீலத்தை இழந்து வந்த மீதி வெளிச்சம்தான் வருகிறது, அதனால் பழுப்பு. டிண்டல் விளைவு என்று பத்தாம் வகுப்பில் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா அத்தோடு விடவில்லை. டிண்டலுக்கு அப்புறம் ராலே என்ற ஆங்கில இயற்பியலாளர் வந்து, தூசி வேண்டாம், காற்றின் மூலக்கூறுகளே போதும் வானத்தை நீலமாக்க என்றார். கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்றும் சொல்லிவிட்டார். 1921இல் கப்பலில் போன நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன் அதை நம்பாமல், ஒரு நிகோல் பட்டகத்தை வைத்துக் கடல் மேற்பரப்பின் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார், கடல் இன்னும் நீலமாகத்தான் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனதுதான் 1928இல் ராமன் விளைவில் முடிந்தது. முப்பது வருடமாகக் கரும்பலகையில் வரைந்து சொல்லிக்கொடுத்ததை அப்பா அந்த பெஞ்சில் ஆற்றைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த பையன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான், மீன் ஓடிவிடும் என்று பயந்திருப்பான்.

இவ்வளவு சின்ன ஊரிலிருந்து டிண்டல் மட்டும் கிளம்பிப் போகவில்லை. 1830இல் பிறந்த பேட்ரிக் மோரன் சிட்னி பேராயராகி, ஆஸ்திரேலியாவின் முதல் கார்டினலானார். 1840இல் பிறந்த மைல்ஸ் கியோ போப்பாண்டவர் படையில் சண்டை போட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டு, கடைசியில் 1876இல் அமெரிக்கப் பழங்குடியினரோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் தளபதி கஸ்டரோடு செத்தார். அவர் ஏறிப்போன குதிரை கமாஞ்சி காயத்தோடு பிழைத்தது, அதைப் பாடம் செய்து கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். இருபது வருட இடைவெளிக்குள் மூன்று பேர், மூன்று கண்டம். இதைப் பற்றிப் பெரிய மியூசியம் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், படித்துவிட்டுப் போனால்தான் ஊரில் இருக்கிற சுவரும் தெருவும் பேசும்.

சாப்பாடு. நாங்கள் போனது புரட்டாசி சனிக்கிழமை, அப்பா முட்டைகூடத் தொடமாட்டார். ஆற்றோரத்தில் ஒரு பப்பில் இன்றைய சூப் காய்கறி சூப் என்று எழுதியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப் என்றால் காய்கறி மட்டும் என்று அர்த்தமில்லை, பல இடங்களில் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறார்கள். கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பரிமாறிய பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, பயமில்லாமல் சாப்பிடுங்கள் என்றார். கேரட்டும் பார்ஸ்னிப் கிழங்கும் அரைத்த கெட்டி சூப், கூடவே சோடா மாவு போட்டுச் சுட்ட பழுப்பு ரொட்டி, இரண்டு துண்டு, வெண்ணெய் அரை அங்குலத்துக்கு. எட்டு யூரோவுக்குள் வயிறு நிறைந்தது. பெப்பர் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொண்டால் நம் நாக்குக்கும் ஒத்துவரும். டீயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அயர்லாந்து டீ நம்ம டீக்கடை டீக்குப் பக்கத்தில் வருகிற ஒரே வெளிநாட்டு டீ, கறுப்பாக ஊறவைத்துப் பால் விட்டுத் தருகிறார்கள். அப்பா பெரிய கெண்டி ஒன்றைத் தனியாக முடித்தார்.

தங்கிய இடம்தான் வயிற்றெரிச்சல். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆற்றைப் பார்த்த அறை என்று போட்டு, அதற்காகவே இருபது யூரோ கூட வாங்கினார்கள். உள்ளே போய் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம், அதற்கு அப்பால் ஒரு எண்ணெய்த் தொட்டி, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையகலத்துக்கு மினுக்கென்று ஏதோ தண்ணீர். கீழே போய்க் கேட்டேன். இலை உதிர்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றார்கள், அதுவும் சிரிக்காமல். ஹீட்டர் ராத்திரி பத்து மணிக்குத் தானாக அணைந்துவிட்டது, அப்பா ஸ்வெட்டருக்கு மேல் என் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு தூங்கினார். காலையில் தந்த கஞ்சி மட்டும் நன்றாக இருந்தது, ஓட்ஸ் கஞ்சியில் தேனும் கொஞ்சம் கிரீமும், அந்தக் கஞ்சிக்காக மன்னித்துவிடலாமா என்று யோசித்தேன், அப்புறம் இருபது யூரோ ஞாபகம் வந்தது. முன்பதிவு செய்யும்போது ஜன்னலிலிருந்து எடுத்த போட்டோ கேட்டு வாங்குங்கள், ஜன்னலுடைய போட்டோ இல்லை.

ஞாயிறு காலை ஓல்ட் லெக்லின் போனோம். மூன்று கிலோமீட்டர், மேட்டில் ஏற வேண்டும் என்பதால் டாக்ஸி சொல்லிக்கொண்டோம். அங்கே செயின்ட் லசேரியன் கதீட்ரல் இருக்கிறது. கதீட்ரல் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள், நம்மூர்க் கிராமத்துச் சர்ச் அளவுதான். வழிபாட்டு நேரம் என்பதால் உள்ளே போகாமல் கல்லறைகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தோம். சுமார் 630இல் இங்கே ஒரு பெரிய கூட்டம் நடந்திருக்கிறது, ஈஸ்டரை எந்தத் தேதியில் கொண்டாடுவது, பழைய ஐரிஷ் கணக்கா ரோமாபுரிக் கணக்கா என்று. லசேரியன் ரோமாபுரிப் பக்கம் பேசினார். அப்பாவுக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிட்டது, "வாக்கியமா திருக்கணிதமான்னு நம்ம ஆளுங்க அடிச்சிக்கிற மாதிரி" என்றார். நேரம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அதைவிட, வடக்கே மில்ஃபோர்டு வரை ஆற்றோரமாக நடப்பதற்கு நேரம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அங்கே இருந்த ஆலையில் ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து 1891இலேயே கார்லோ நகரத்துக்கு விளக்கு எரித்தார்கள். அடுத்த தடவை.

யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டால், நடக்கிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், பேசாமல் உட்காரத் தெரிந்தவர்கள். ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் கையை விடாதீர்கள், பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே பல இடங்களில் தடுப்பே இல்லை, அணைக்கட்டுப் பக்கம் இழுவை அதிகம். வழியெங்கும் உயிர்காப்பு வளையம் மாட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தாலே புரியும். பேகனல்ஸ்டவுனிலேயே பாத்ரூம் போய்விட்டு நடக்க ஆரம்பியுங்கள், நடுவில் ஒன்றும் கிடையாது. கடை கண்ணி என்று அலைகிற குடும்பத்தை இங்கே கூட்டிவந்தால் ஒரு மணி நேரத்தில் உங்களைத் திட்ட ஆரம்பிப்பார்கள். ஐந்துக்கு எவ்வளவு என்றால், கரைப்பாதைக்கு ஐந்து, ஊருக்கு நாலு, கோபுரத்துக்குத் தனியாக என்றால் இரண்டரை, எங்கள் அறைக்கு ஒன்று, அதுவும் கஞ்சிக்காக.

திரும்புகிற ரயிலை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நாங்கள் இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை விட்டோம். ஸ்டேஷனில் காத்திருந்தபோது அப்பா என் போனை வாங்கி முந்தின நாள் புகையை எடுத்த படத்தைத் தேடினார். படத்தில் புகை வெறும் சாம்பல் நிறம். போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்து, நீலத்தையும் பழுப்பையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. அப்பா அந்தப் படத்தையே பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் போட்டு, "இந்தப் புகை நேரில் இரண்டு நிறமாக இருந்தது, ஏன்?" என்று கேட்டார். டப்ளின் வருவதற்குள் பதினெட்டு பேர் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள்.